மேல்மண் போன வழி

ஒரு மேடு களவு போயிருந்தது.

திருகோணமலையில் நகை களவு போகும். சைக்கிள் களவு போகும். சல்லிக் கிராமத்தில் ஒருமுறை காய்ந்துகொண்டிருந்த கருவாடு, அது கிடந்த பாயோடும், காகம் விரட்ட இருந்தவனின் செருப்போடும் சேர்ந்து களவு போனது. ஆனால் பனை உயர மண்மேடு ஒன்று, மேலே ஏறி நின்றால் கொட்டியாரக் குடாவில் நிற்கும் கப்பலில் யார் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்பதுகூடத் தெரியக்கூடிய மேடு, காணாமற்போனது இதுதான் முதல் தடவை.

மேட்டின் சொந்தக்காரி தங்கரத்தினம். சாம்பல்தீவுக்குப் பின்பக்கம் அவருக்கு ஒரு கச்சான் காணி, நிலக்கடலை விளையும் நிலம். அதற்கு அடியில் வீதி போடுவதற்கு நல்ல கிறவல் கிடக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு போன வருடம் ஒரு கம்பெனி வந்தது. பேச்சு எளிமையானது. மேலே கிடக்கும் நல்ல மண்ணை முதலில் வழித்து ஒரு பக்கம் குவிப்பது. அடியில் கிறவலை அள்ளுவது. பிறகு குழியை நிரப்பி, குவித்து வைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரவி, கச்சான் விளையும் காணியாக ஒப்படைப்பது. வழித்ததும் அள்ளியதும் கம்பெனி பக்தியோடு செய்த வேலைகள். ஒப்படைக்கும் நேரம் வந்தபோது குழி நிரம்பியிருந்தது, மேட்டைத்தான் காணவில்லை.

“மேடு எங்க?” என்று தங்கரத்தினம் கேட்டார்.

“அதைத்தானே பரவி விட்டிருக்கிறம்” என்றார்கள்.

பரவிய மண்ணில் ஒரு மூலையில் அவர் விதை போட்டுப் பார்த்தார். முளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது; வந்த இடம் பிழை என்று கண்டுகொண்டு செத்தது.

இன்று பின்னேரம் மீளமைப்பு விழா. அதிகாரி வருவார், நிலம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று அத்தாட்சியில் கையொப்பம் வைப்பார். வைத்துவிட்டால் கம்பெனிக்கும் காணிக்கும் உள்ள தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அந்தக் காணியில் தங்கரத்தினம் கச்சான் அல்ல, காஞ்சோண்டிகூட வளர்க்க முடியாது.

ஆகவேதான், தங்கரத்தினம் ஆள் விட்டுக் கூப்பிட, காலையிலேயே கஜீபனின் ஓட்டோ அந்தக் காணி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு வயிறும் பிறகு ஸைனுலாப்தீனும் இறங்கினார்கள்.

ஸைனுலாப்தீன் துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கும் வேலையில் இருந்து இளைப்பாறியவர். மூடையைத் தோளில் போடும் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது சீனியா பொய்யா என்று சொல்லிவிடுவார். சீமெந்துக் கப்பல் ஒன்றின் மாலுமி தும்மிய விதத்தைக் கேட்டு, அதில் மிளகாய்த்தூள் கடத்துகிறார்கள் என்று கண்டுபிடித்தவர். இதை அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பொதுவாக மனிதர்கள் மேல் அவருக்குப் பெரிய மதிப்பு கிடையாது. கழுத்துப்பட்டி கட்டிய மனிதர்கள் மேல் அந்தச் சின்ன மதிப்பும் கிடையாது. அவருக்கு ஓட்டோ ஓட்டுவதும், கேட்காத இடத்தில் கருத்துச் சொல்வதும் கஜீபனின் வேலை. இரண்டாவதுக்கு யாரும் அவனை நியமிக்கவில்லை.

காணி பச்சையாக இருந்தது. பச்சை என்றால் அப்படியொரு பச்சை. கட்டிலுக்கு விரிப்புப் போடுவதுபோலச் சதுரம் சதுரமாகப் புல்லுப் பாய் விரித்திருந்தார்கள். கடற்காற்று ஒரு மூலையைத் தூக்க, ஒருவன் ஓடிப்போய் அதன்மேல் கல் வைத்தான்.

“வெயில் ஏறமுதல் சுருட்டி உள்ளுக்கு வைக்கச் சொல்லுங்கோ. நிறம் மங்கிப்போகும்” என்றான் கஜீபன்.

கம்பெனி மனேஜர் வாமதேவன் கேட்காததுபோல் சிரித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் போடாமல் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பவர். அந்த இடத்தில் பார்ப்பதற்கு என்ன இருந்ததோ தெரியாது.

ஸைனுலாப்தீன் ஒரு வேப்பங்கன்றை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். கன்று ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வெளியே வந்தது. அடியில் நாற்றுமேடைக் கறுப்புப் பை அப்படியே இருந்தது.

“பையோட நட்டிருக்கிறீங்க.”

“அது நவீன முறை, நானா. ஈரம் போகாது.”

“விழா முடிய அடுத்த காணிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் சுகம்” என்றான் கஜீபன்.

“ஒரு முழம் தோண்டிப் பார்ப்பமா?” என்று கேட்டார் ஸைனுலாப்தீன்.

வாமதேவன் நெஞ்சில் கை வைத்தார். “ஐயோ, அது ஏலாது. தோண்டினால் மீளமைப்புக் கெட்டுப்போகும். அத்தாட்சி தாற சிவகுருநாதன் ஐயாவே கண்டிப்பாச் சொல்லிப்போட்டார், ஒருத்தரும் தோண்டக் கூடாது எண்டு.”

“பார்த்தாக் கெட்டுப்போற சாமானை நான் வாழ்க்கையில ரெண்டுதான் கண்டிரிக்கன்” என்றார் ஸைனுலாப்தீன். “ஒண்டு புகைப்பட பிலிம்.” மற்றது என்ன என்று வாமதேவன் கேட்கவில்லை.

வேலியோரம் நின்ற தங்கரத்தினம் இதற்கு மேல் பொறுக்கவில்லை. “அடியில கிடக்கிறது துறைமுகத்துச் சேறு, நானா. மழை பெய்த அண்டைக்கு ஒரு மணம் வந்துது பாருங்கோ! இறால் மணம். என்ர காணியில நான் ஒருநாளும் இறால் விதைச்சதில்லை.”

“அழாதீங்க தங்கச்சி.”

“நான் எங்க அழுதனான்? இவரின்ர கண்ணாடியைப் பிடுங்கிச் சேத்துக்க மிதிப்பமோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

“அது பின்னேரம் பார்ப்பம். இப்ப ஒண்டு சொல்லுங்க. மண்ணை எப்ப வழிச்சவங்க?”

“கச்சான் பிடுங்கின கையோட வந்திட்டாங்கள். பிடுங்கைக்க அறுந்து உள்ளுக்க நிக்கிற காயைப் பொறுக்கக்கூட விடேல்ல. எவ்வளவு காய்! எல்லாம் மண்ணோட மண்ணா மேட்டுக்க போயிட்டுது.”

ஸைனுலாப்தீன் ஓட்டோவில் ஏறினார். ஓட்டோ ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் சந்தோசமாக இருக்கிறார் என்பதைக் கஜீபன் அதை வைத்துத்தான் அறிவான். கவலையில் இருந்தால் நடுவில் இருப்பார்.

“களவெடுத்த சங்கிலியை உருக்கலாம்” என்றார் அவர், ஓட்டோ நகரத்தை நோக்கி ஓடத் தொடங்கியதும். “சைக்கிளுக்கு வேற நிறம் அடிக்கலாம். மண்ணை என்ன செய்யலாம்?”

“சட்டியில போட்டு வறுக்கலாம். பிறகு கச்சானையும் போடலாம்.”

“எங்கயாவது பரவத்தான் ஏலும். பரவி, தண்ணி ஊத்தினா?”

கஜீபன் பிரேக்கில் கால் வைத்தான். “முளைக்கும்! கச்சான் முளைக்கும்!”

“உனக்கும் சில நேரம் மூளை வேலை செய்யிது. இந்த நகரத்தில எங்கயோ ஒரு மதிலுக்குள்ள, ஆரும் விதைக்காத கச்சான் நிக்கிது. அந்த மதில் எது? அதுதான் கேள்வி.”

“திருகோணமலையில உள்ள எல்லா மதிலுக்கு மேலாலயும் எட்டிப் பார்க்கிறதோ? நான் ஓட்டோக் கூரையில ஏறி நிண்டுகொண்டு ஓட்டட்டோ? பொலிஸ் பிடிச்சா, மேடு தேடுறம் எண்டு சொல்லுவம்.”

உட்துறைமுக வீதியில் திரும்பியதும் ஓட்டோ நின்றது. வீதிக்குக் குறுக்கே மான்கள்.

திருகோணமலை மான்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை காட்டு மிருகங்கள் அல்ல, ஊரவர்கள். கோட்டையில் படுத்து எழும்பி, மைதானத்தில் மேய்ந்து, பஸ் நிலையத்தில் கொத்து ரொட்டி சுற்றிய கடதாசியை நக்கி, பின்னேரம் திரும்பிப் போகும் புள்ளிமான்கள். ஒரு கிழட்டு மான் தபாற்கந்தோரில் வரிசையில் நின்றதாகவும், மதியச் சாப்பாட்டு நேரம் என்று யன்னலைச் சாத்தியபோது மற்றவர்களைப் போலவே அதுவும் அதிகாரத்தைத் திட்டிக்கொண்டு போனதாகவும் கதை உண்டு.

கஜீபன் ஹோர்ன் அடித்தான். ஒரு மான் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் பெரிய ஆள் இல்லை என்று முடிவு செய்தது.

“பாருங்கோ நானா இவையின்ர எடுப்பை! முந்தி பஸ் ஸ்டாண்டில கடதாசி திண்டுகொண்டு மரியாதையா நிண்டவை. இப்ப கொஞ்ச நாளா இந்த ஒழுங்கை வாசல்தான் குடியிருப்பு. பணக்காரர் வீட்டுப் பக்கம் போனா எல்லாருக்கும் தலைக்கனம்...”

“நிப்பாட்டு” என்றார் ஸைனுலாப்தீன்.

“நிண்டுதான் இருக்கு. மான் நிப்பாட்டி வச்சிருக்கு.”

“கதையை நிப்பாட்டு. கொத்து ரொட்டிய விட்டுட்டு ஒரு திருகோணமலை மான் வருது எண்டா, அதை விட ருசியான ஏதோ ஒண்டு இஞ்ச இரிக்கணும். மான் எந்த மதிலைப் பார்க்குது?”

எல்லா மான்களும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

வீதியிலிருந்து உள்ளே போகும் அந்த ஒழுங்கைக்குள் புது வீடுகள். ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டை விட ஒரு முழம் உயரமாக இருக்க முயன்று, எல்லாமே ஒரே உயரத்தில் முடிந்த வீடுகள். முதல் வீட்டின் படலை திறந்திருந்தது. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி குழாயால் ஒரு மான்மேல் தண்ணீர் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார். மான் குளித்துக்கொண்டே சாப்பிட்டது.

“சூ! சூ! போ அங்கால! ஆர் நீங்கள்?” கடைசிக் கேள்வி ஸைனுலாப்தீனைப் பார்த்து.

“ரோட்டால போறவங்க, தங்கச்சி. உங்கட முத்தத்துப் பச்சை கண்ணைப் பிடிச்சி இழுத்திச்சி. இந்த வெயிலுக்க இப்பிடி ஒரு பச்சையா!”

அன்னலட்சுமி என்ற அந்தப் பெண்மணிக்கு இந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. குழாயைக் கீழே போட்டார்.

“எல்லாம் மண்ணின்ர குணம்! குடிபூரலுக்கு வாமதேவன் தம்பி அன்பளிப்பாத் தந்தது. டிப்பர் டிப்பராக் கொண்டந்து கொட்டிப் பறிச்சு, ஆள் விட்டுப் பரவித் தந்தவர். எங்களுக்கு மட்டுமில்ல, இந்த ஒழுங்கையில குடிபூந்த எல்லாருக்கும். தங்கமான மனுசன்.”

“அவருக்குக் கை தாராளம்” என்றான் கஜீபன். “ஆரின்ர மண்ணெண்டாலும் குடுப்பார்.”

ஸைனுலாப்தீன் அவன் காலை மிதித்தார். “இந்த மஞ்சள் பூ?”

“அது வெளிநாட்டுப் புல்லு. தானா வந்தது. பேர்தான் வாயில வருகுதில்ல.”

கஜீபனுக்கு அந்தப் பேர் வாய் நுனிவரை வந்தது. மிதிபட்ட கால் இன்னும் வலித்ததால் விழுங்கிக்கொண்டான். ஸைனுலாப்தீன் குனிந்து, அந்த வெளிநாட்டுப் புல்லில் ஒன்றைப் பிடுங்கினார். வேரில் கச்சான் தொங்கியது. அன்னலட்சுமி மானைத் திட்டத் திரும்பிய நேரத்தில் ஒரு காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“நானா, சாட்சியைத் தின்னாதீங்கோ” என்றான் கஜீபன் காதுக்குள்.

“ருசி பார்க்காம எப்பிடித் தெரியும், சாட்சி முத்தலா பிஞ்சா எண்டு?” மென்றபடி நிமிர்ந்தார். “ஐயா வீட்டில இல்லையா, தங்கச்சி?”

“இண்டைக்கு அவருக்கு ஒரு விழா. சாம்பல்தீவுப் பக்கம் ஏதோ காணி மீளமைச்சிருக்கினமாம். இவர்தான் பார்த்துக் கையொப்பம் வைக்கிறவர். சேட்டு அயர்ன் பண்ணி அனுப்பிப்போட்டுத்தான் வெளியில வந்தனான்.”

கஜீபன் மெல்லத் திரும்பிப் படலைத் தூணைப் பார்த்தான். பித்தளை எழுத்தில் சிவகுருநாதன் என்று இருந்தது. மேல்மண் காணிக்குத் திரும்பிவிட்டது என்று சத்தியம் பண்ணப் போகிறவர், தினமும் காலையில் அந்த மேல்மண்மேல் கதிரை போட்டுப் பத்திரிகை வாசிக்கிறார். தெரிந்து செய்தால் கள்ளன், தெரியாமல் செய்தால் மடையன். இரண்டில் எதற்குக் கூடச் சம்பளம் என்று யோசித்தான்.

ஆனால் கண்டுபிடித்து என்ன பயன்? மண்ணுக்கு அடையாள அட்டை கிடையாது. போய்ச் சொன்னால், மண் எங்கும் மண்தான் என்பார் அதிகாரி. ஒரு தொலைபேசி அழைப்பில் கச்சான் செடியெல்லாம் வழிக்கப்பட்டுவிடும், பின்னேரம் கையொப்பமும் விழுந்துவிடும்.

ஸைனுலாப்தீன் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி, வானிலை விசாரிப்பதுபோல் கேட்டார்.

“இந்த மண் எங்கத்தையான் எண்டு வாமதேவன் சொன்னவரா, தங்கச்சி?”

“இல்லையே. ஏன்?”

“சும்மாதான். இந்தக் கம்பெனிக்காரங்க ஒரு இடத்திலயா கிண்டுறாங்க? சுடலைக்குப் பக்கத்திலயும் கிண்டினவங்க எண்டு சனம் கதைச்சிச்சி. அங்கத்தை மண்ணும் இப்பிடித்தானாம், நல்ல செழிப்பாம். மறுகா உங்கட மண் அதுவா இரிக்காது. ஆனாலும் கேட்டுப் பார்க்கிறது நல்லம்.”

அன்னலட்சுமியின் கை குழாயைத் தேடிப்போய்ப் பாதியில் நின்றது.

இந்த இடத்தில் கஜீபன், யாரும் சொல்லாமலே, தன் வாழ்நாளின் சிறந்த வேலையைச் செய்தான். ஒரே பாய்ச்சலில் புல்லில் இருந்து சீமெந்துக்குத் தாவினான். செருப்பைக் கழற்றி விரல் நுனியில் தூக்கிப் பிடித்தான்.

“அம்மா, பைப் எங்க? காலைக் கழுவிப்போட்டுத்தான் நான் ஓட்டோவில ஏறுவன். ஓட்டோவில சாமிப்படம் இருக்கு.”

“தம்பி... அப்பிடியெண்டா...”

“நான் ஒண்டும் சொல்லேல்ல, அம்மா. சுடலைக்குப் போயிட்டு வந்தா நாங்கள் தலையில தண்ணி வாக்காமல் வீட்டுக்க போறதில்ல. பழக்கதோசம். நீங்கள் இதை மிதிச்சுக்கொண்டு வீட்டுக்க போய் வந்தனீங்களோ?”

மண் வந்த நாளில் இருந்து எத்தனை தரம் இந்த முற்றத்தால் சுவாமி அறைக்குப் பூக் கொண்டு போனோம் என்று அன்னலட்சுமியின் முகம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் மதிலருகே போய், பக்கத்து வீட்டு எஞ்சினியரின் மனைவியைக் கூப்பிட்டார். “லக்சனா! லக்சனா பிள்ளை! உங்களுக்கும் வாமதேவன்தானே மண் பறிச்சவர்?”

அந்த ஒழுங்கையில் கதை மதில் ஏற ஏணி தேவையில்லை. ஓட்டோ வீதிக்கு வருமுன்பே கடைசி வீட்டில் யாரோ “ஐயோ” என்றார்கள்.

“நானா, நீங்கள் பொய் சொல்லிப்போட்டீங்கள்.”

“எங்க சொன்னேன்? கேள்விதானே கேட்டேன். நீதான் கால் கழுவினாய்.”

“இனி என்ன செய்யிறது?”

“விழாவுக்குப் போவம். வடை இரிக்கும்.”

வடை இருந்தது. பந்தல் இருந்தது. சல்லிவரைக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகளில் ஊர்ச்சனம். முதல் வரிசையில் தங்கரத்தினம், கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு பேய்க்கும் பயப்படாத முகத்தோடு. கஜீபன் போய் அருகில் இருந்தான்.

“கிடைச்சுதோ தம்பி?” என்றார் மெதுவாக.

“கிடைச்சது. ஆனா எடுக்கிறதுதான்...” என்று இழுத்தான். அவனுக்கும் தெரியாது.

வாமதேவன் பேசினார். இயற்கை அன்னையின் காயத்துக்குத் தங்கள் நிறுவனம் பச்சைப் பட்டாடை உடுத்தியிருப்பதாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. பட்டாடையில் ஒரு துண்டு கல்லையும் தள்ளிவிட்டு எழும்பி மேடைப்பக்கம் புரண்டு வந்தது. அடுத்துப் பேசிய சிவகுருநாதன், புல்லே எழுந்து நின்று வரவேற்கும் மீளமைப்பைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்றார். கை தட்டினார்கள். இந்த நாட்டில் எதற்கும் கை தட்டுவார்கள்.

பிறகு அத்தாட்சி மேசைமேல் வந்தது. அதிகாரி பேனையைத் திறந்தார்.

வாமதேவனின் தொலைபேசி அடித்தது. அதை நிறுத்தினார். திரும்ப அடித்தது. நிறுத்தினார். மூன்றாவது முறை அது சட்டைப்பைக்குள் கிடந்து துடிக்க, அதிகாரியின் தொலைபேசியும் அடித்தது. மனைவியின் அழைப்பை நிறுத்தும் துணிவு அவருக்கு எந்தப் பதவி உயர்வோடும் வரவில்லை. எடுத்தார். கேட்டார். பேனை மேசையில் உருண்டது.

ஒலிவாங்கி வாய்க்கு முன்னால் இருப்பதை அவர் மறந்துபோனார்.

“வாமதேவன்! என்ர வளவுக்கு எங்கத்தே மண் பறிச்சனீர்?”

ஒலிபெருக்கி அதைப் பந்தல் முழுவதற்கும் சொன்னது.

“ஐயா?”

“சுடலையில அள்ளினதோ? என்ர மனுசி வீட்டுக்க போகமாட்டன் எண்டு ரோட்டில நிக்கிறா! எஞ்சினியர் வீட்டிலயும் குழறினமாம்! குடிபூரலுக்குச் சுடலை மண்ணோ கொண்டந்து கொட்டினனீர்?”

வாமதேவனின் சட்டைப்பை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது; ஒழுங்கை முழுவதும் அதற்குள் நின்று கத்தியது. அவர் வாழ்வதே அனுமதி கொடுக்கும் பெரியவர்கள் குடியிருக்கும் அந்த ஒழுங்கையின் தயவில்தான். சுடலை மண்ணைப் பரிசு கொடுத்தவன் என்ற பெயரோடு ஒருவன் இந்த மாவட்டத்தில் ஒரு குழியும் வெட்ட முடியாது. தன்னுடைய குழியைத் தவிர.

அப்போதுதான் கஜீபனுக்கு விளங்கியது. திரும்பி ஸைனுலாப்தீனைப் பார்த்தான். அவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சத்தியமா இல்லை ஐயா!” வாமதேவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அலறினார். “எந்தக் கோயிலிலயும் கற்பூரம் கொழுத்தி அடிச்சுச் சொல்லுறன்! சுடலைப் பக்கமே போகேல்ல! அது இஞ்சத்தே மண் ஐயா! இந்தக் காணியில வழிச்ச மேல்மண்! தங்கரத்தினம் அக்கா கச்சான் போட்ட மண்! ஒழுங்கையில எல்லா வீட்டுக்கும் இதைத்தான் பறிச்சனான். ஒரு குறையும் இல்லாத மண். வேணுமெண்டா அக்காவையே கேளுங்கோ!”

ஒலிபெருக்கிமட்டும் கொஞ்ச நேரம் இரைந்தது.

“அப்பாடா” என்றார் சிவகுருநாதன். உண்மையாகவே நிம்மதிப்பட்டார். மனைவியிடம், “ஒண்டுமில்ல, கச்சான் காணி மண்தானாம், நீர் உள்ளுக்க போம்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். பிறகு, நம்பினால் நம்புங்கள், உருண்டு கிடந்த பேனையை எடுத்துக் கையொப்பம் வைக்கக் குனிந்தார்.

தங்கரத்தினம் எழுந்தார்.

“ஐயா, ஒரு சொல்லு. என்ர மண் உங்கட முத்தத்தில கிடக்குதெண்டா, என்ர காணியில கிடக்கிறது என்ன?”

அதிகாரியின் பேனை காகிதத்தைத் தொடாமல் நின்றது. “அது... தொழில்நுட்ப ரீதியாகப் பார்க்கப்போனால்...”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அது வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. யாரோ ஒரு புல்லுப் பாயைச் சுருட்டினார்கள். அடியில் கறுப்புச் சேறு, அதில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி. வெயில் பட்டதும் எழுந்த மணத்தைப் பற்றி எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

சிவகுருநாதன் பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்தினார். தொண்டையைச் செருமினார். தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது என்றார். உண்மையை வெளியே கொண்டுவரத்தான் இந்த விழாவுக்கே சம்மதித்ததாகவும் சொன்னார். சேறு முழுவதும் அள்ளப்பட்டு, மேல்மண் கடைசிப் பிடி வரை திரும்பி வந்தாலொழிய இந்தக் கை கையொப்பம் வைக்காது என்று கையைத் தூக்கிக் காட்டினார். சனம் இதற்கும் கை தட்டியது.

“பார்த்தியா கஜீபா” என்றார் ஸைனுலாப்தீன், விரலைத் துடைத்துக்கொண்டு. “இவ்வளவு கெதியா மீளமைப்பு நடந்ததை நானும் கண்டதில்லை. ஒரு நிமிசத்தில மடையன் நேர்மையானவனா மாறிட்டான். அடியில அதே சேறுதான்.”

மேடையில் இருந்து இறங்கிய வாமதேவன் நேரே தங்கரத்தினத்திடம் வந்தார். நெற்றிக்கு மேல் இருந்த கண்ணாடி இப்போது கண்ணுக்கு இறங்கியிருந்தது.

“அக்கா, நாளைக்கே டிப்பர் விடுறன். ஒழுங்கையில எல்லா வீட்டிலயும் வழிச்சுக்கொண்டந்து போடுறன். போட்ட உடன, எல்லாம் சரி எண்டு ஐயாவுக்கு ஒரு வார்த்தை சொல்லுவியள்தானே?”

தங்கரத்தினம் கட்டிய கையை அவிழ்த்தார்.

“முதல் உம்மட சேத்தை அள்ளும். பிறகு என்ர மண்ணைப் போடும். நான் விதைச்சு, தண்ணி விட்டு, களை எடுப்பன். கச்சான் முத்தினாப் பிறகு சொல்லி அனுப்புறன், அண்டைக்கு வந்து என்ர வாயால கேளும்.” கொஞ்சம் யோசித்தார். “வரேக்க ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாரும். பிடுங்கிறதுக்கு எனக்கு ஆள் போதாது.”